துணி உலர்த்தும் ட்ரையர் வாங்கும் முன்: கரண்டு செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. ஈர வாடை வேறு. அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கு மழை இல்லாத நாளிலும் மொட்டை மாடி கிடைப்பதில்லை. ட்ரையர் வாங்கலாம் என்று நினைக்கும்போது முதலில் வரும் பயம் கரண்டு பில்தான். இங்குள்ள கணக்குகள் தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்துப் போட்டவை. 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட்.

செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் ஏற்கெனவே "ட்ரையர்" இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. செமி ஆட்டோமேட்டிக்கில் நாம் ட்ரையர் என்று சொல்வது வேகமாகச் சுற்றித் தண்ணீரைப் பிழியும் தொட்டி. அதில் சூடு கிடையாது. டாப் லோடு மெஷின்களில் வரும் "ஏர் டிரை" பட்டனும் அப்படித்தான்: சுற்றும்போது காற்றை உள்ளே இழுத்து ஈரத்தை இன்னும் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அதிலிருந்து எடுத்த துணியை மடித்து பீரோவில் வைத்தால் பூசணம் பிடிக்கும். இந்தப் பக்கத்தில் ட்ரையர் என்று சொல்வது சூடான காற்றால் துணியை முழுதாகக் காயவைக்கும் கருவியை.

ஒரு லோடு காய எத்தனை யூனிட் ஆகும்?

துணியின் எடையைவிட அதில் தங்கியிருக்கும் தண்ணீரின் எடைதான் கணக்கைத் தீர்மானிக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க, எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும், ஏறத்தாழ 0.65 யூனிட் வெப்பம் தேவை. இது இயற்பியல், பேரம் பேச முடியாது. ஹீட்டர் வைத்த ட்ரையரில் டிரம்மைச் சூடாக்குவது, துணியைச் சூடாக்குவது, சூடான காற்று வெளியேறுவது என்று நஷ்டம் சேர்ந்து லிட்டருக்கு 1 யூனிட் ஆகிவிடும். ஹீட்டருக்குப் பதில் ஃப்ரிட்ஜ்போலக் கம்ப்ரஸர் வைத்த ஹீட் பம்ப் ட்ரையர் அதே லிட்டரை 0.3 முதல் 0.45 யூனிட்டில் முடிக்கும்.

5 கிலோ பருத்தித் துணியை நிமிடத்துக்கு 1,000 சுற்று வேகத்தில் பிழிந்தால் அதில் ஏறத்தாழ 3 லிட்டர் தண்ணீர் மிச்சமிருக்கும். அப்படியானால் ஹீட்டர் வகையில் 3 யூனிட், ஹீட் பம்பில் 1 முதல் 1.3 யூனிட்.

அப்படியென்றால் ட்ரையரைவிட வாஷிங் மெஷினை அல்லவா முதலில் பார்க்கணும்?

ஆமாம், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். தண்ணீரைச் சூடு காட்டி விரட்டுவதைவிடச் சுழற்றிப் பிழிவது பல மடங்கு மலிவு. டாப் லோடு மெஷின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 700 முதல் 750 சுற்று சுற்றும். அதிலிருந்து வரும் பருத்தித் துணியில், காய்ந்த எடையில் 70 சதவீதமோ அதற்கு மேலோ தண்ணீர் இருக்கும். 1,000 சுற்றில் 60, 1,200-ல் 53, 1,400-ல் 50 சதவீதம் என்ற அளவில் அது குறையும்.

5 கிலோ துணிக்கு 70 சதவீதம் என்றால் மூன்றரை லிட்டர், 50 சதவீதம் என்றால் இரண்டரை லிட்டர். நடுவில் இருக்கும் அந்த ஒரு லிட்டரை ஹீட்டர் ட்ரையர் 1 யூனிட் செலவழித்து எடுக்கும். வாஷிங் மெஷினில் பத்து நிமிடம் கூடுதலாக ஸ்பின் ஓட்டினால் 0.1 யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும். எனவே ட்ரையர் ஏற்கெனவே வீட்டில் இருப்பவர்களும் இன்றே செய்யக்கூடியது: துவைத்து முடிந்ததும், பருத்தித் துணிக்கு மெஷின் தரும் அதிகபட்ச வேகத்தில் ஸ்பின் மட்டும் தனியாக ஒரு முறை ஓட்டுங்கள். 1,200-லிருந்து 1,400-க்குப் போவதில் கிடைக்கும் லாபம் சிறியது. அதற்காக மட்டும் மெஷினை மாற்ற வேண்டாம். 700-லிருந்து 1,200-க்குப் போவதில்தான் பெரிய லாபம்.

பாலியெஸ்டர், நைலான் துணிகள் தண்ணீரை அதிகம் பிடித்து வைப்பதில்லை. அவற்றுக்கு 800 சுற்று போதும். அதற்கு மேல் சுருக்கம்தான் மிச்சம்.

கடையில் வென்டட், கண்டென்சர், ஹீட் பம்ப் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

வென்டட் வகை அறைக் காற்றை இழுத்து, ஹீட்டரில் சூடாக்கி, துணி வழியாகச் செலுத்தி, ஈரக் காற்றை ஒரு குழாய் வழியாக வெளியே தள்ளும். விலை குறைவு, எடை குறைவு, பழுது குறைவு. சுவரிலோ ஜன்னலிலோ குழாய்க்கு வழி வேண்டும்.

கண்டென்சர் வகையிலும் ஹீட்டர்தான். ஆனால் ஈரக் காற்றை உள்ளேயே குளிரவைத்துத் தண்ணீராக்கி ஒரு தொட்டியில் சேர்க்கும். குழாய் வேண்டாம். அதனால் கரண்டு மிச்சமாகும் என்று நினைக்காதீர்கள். வென்டட் எடுக்கும் அளவு எடுக்கும், அந்தச் சூடு முழுவதும் அறைக்குள்ளேயே இறங்கும். 2,000 வாட் ஹீட்டர் ஓடும் அறை, அரை டன் ஏசி செய்யும் வேலையைத் தலைகீழாக்கும் அறை. ஏசி போட்ட படுக்கையறைக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டு பில் கட்டுவீர்கள்.

ஹீட் பம்ப் வகையிலும் தண்ணீர் தொட்டிக்கே வரும். சூடு உண்டாக்கும் விதம் மட்டும் வேறு.

ஹீட் பம்ப் எப்படிப் பாதியைவிடக் குறைவான கரண்டு எடுக்கிறது?

ஃப்ரிட்ஜின் பின்பக்கம் சூடாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளேயிருந்து எடுத்த வெப்பம் அங்கே வெளியேறுகிறது. ஹீட் பம்ப் ட்ரையருக்குள்ளும் ஒரு கம்ப்ரஸர், ஒரு குளிர்ந்த காயில், ஒரு சூடான காயில். துணி வழியாக வந்த ஈரக் காற்று குளிர்ந்த காயிலில் படும்போது நீராவி தண்ணீராகிறது; ஆவியாக்க நாம் கொடுத்த வெப்பம் அங்கே திரும்பக் கிடைக்கிறது. கம்ப்ரஸர் அந்த வெப்பத்தைச் சூடான காயிலுக்குக் கொண்டுபோய், அதே காற்றை மறுபடி சூடாக்கித் துணிக்குள் அனுப்புகிறது. ஒரு முறை கொடுத்த வெப்பமே சுற்றிச் சுற்றி வேலை செய்கிறது. கரண்டு முக்கியமாகக் கம்ப்ரஸருக்கும் மோட்டாருக்கும்தான்.

இதில் காற்று 50, 60 டிகிரிக்குள்ளேயே இருக்கும். ஹீட்டர் வகையில் 70-ஐத் தாண்டும். அதனால் பனியன், ஜட்டி எலாஸ்டிக் நீண்ட நாள் உழைக்கும். பதிலுக்கு நேரம் கொடுக்க வேண்டும். நிறை லோடுக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் சாதாரணம். காலையில் பள்ளிச் சீருடையை அவசரமாக உலர்த்த வாங்குகிறவர்கள் இதை முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹீட் பம்ப் விலை ரொம்ப அதிகம். போட்ட பணம் திரும்ப வருமா?

எத்தனை லோடு ஓட்டுவீர்கள் என்பதைப் பொறுத்தது. விற்பனையாளர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டமாட்டார். நீங்களே போட்டுப் பாருங்கள்.

3 லிட்டர் ஈரமுள்ள ஒரு லோடுக்கு ஹீட்டர் வகை 3 யூனிட், ஹீட் பம்ப் 1.2 யூனிட் என்று கொள்வோம். மிச்சம் 1.8 யூனிட். உங்கள் பில்லில் கடைசி அடுக்கின் விலை யூனிட்டுக்கு 9 ரூபாய் என்றால் லோடுக்கு 16 ரூபாய் மிச்சம். இரண்டு மாடலுக்கும் விலை வித்தியாசம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அது திரும்பி வர ஏறத்தாழ 1,850 லோடு ஓட்ட வேண்டும். தினம் ஒரு லோடு ஓடும் வீட்டில் ஐந்து வருடம். கைக்குழந்தை, படுக்கையில் இருக்கும் பெரியவர், கூட்டுக் குடும்பம் உள்ள வீடுகளில் இது நியாயமான கணக்கு.

மழைக்காலத்தில் மட்டும் வாரம் மூன்று லோடு என்றால் வருடத்துக்கு 40 லோடு. அப்படி ஓட்டினால் 46 வருடம் ஆகும். மெஷின் அதுவரை இருக்காது. அந்த வீட்டுக்கு எங்கள் பரிந்துரை வென்டட் வகைதான், அல்லது ட்ரையரே வேண்டாம். குறைவாகக் கரண்டு எடுக்கும் மெஷின் எல்லா வீட்டுக்கும் குறைவான செலவு என்று ஆகிவிடாது.

பில்லைப் பார்க்கும்போது சராசரி விலையை எடுக்காதீர்கள். ட்ரையர் புதிதாகச் சேர்க்கும் யூனிட்கள் எல்லாம் மேல் அடுக்கில்தான் போய் உட்காரும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. 2022 செப்டம்பரில் வந்த கட்டண அமைப்பில், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான அடுக்குக்குக் கிடைத்த குறைந்த விலையும் போய்விடும். தினம் ஒரு லோடு என்றால் ஹீட்டர் வகை இரண்டு மாதத்தில் 180 யூனிட் சேர்க்கும். ஹீட் பம்ப் 72. ஏற்கெனவே 400-ல் நிற்கும் வீட்டில் முதலாவது 500-ஐத் தாண்டவைக்கும், இரண்டாவது தாண்டவைக்காது. கட்டணம் மாறக்கூடியது, கணக்குப் போடும் அன்று நடப்பில் இருக்கும் அட்டவணையை வைத்துப் போடுங்கள்.

துவைத்து உலர்த்தும் ஒரே மெஷின் வாங்கினால் இடம் மிச்சம்தானே?

இடம் மிச்சம். கரண்டு மிச்சமில்லை. வாஷர்-ட்ரையர்களில் பெரும்பாலானவை ஹீட்டர் வகை. லிட்டருக்கு 1 யூனிட்டைத் தாண்டும். பல மாடல்கள் நீராவியைத் தண்ணீராக்கக் குழாய்த் தண்ணீரையே பாய்ச்சுகின்றன. உலர்த்துவதற்கு மட்டும் பத்துக் கணக்கான லிட்டர் நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகும். லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இது சின்ன விஷயமில்லை.

இன்னொரு சிக்கல் கொள்ளளவு. மெஷினில் "8/5" என்று எழுதியிருந்தால் துவைக்க 8 கிலோ, உலர்த்த 5 கிலோ மட்டுமே. 8 கிலோ போட்டுத் துவைத்துவிட்டு அப்படியே உலர்த்தச் சொன்னால் நாலைந்து மணி நேரம் ஓடியும் நடுவில் ஈரம் இருக்கும், சட்டைகள் கசங்கிக் கெட்டியாகிவிடும். பாதியை வெளியே எடுத்துவிட்டுத்தான் உலர்த்த வேண்டும். ஒருவர், இருவர் இருக்கும் சின்ன வீட்டுக்கு இது ஒத்துவரும். நாலு பேர் வீட்டுக்குத் தனி ட்ரையரே நல்லது.

ஸ்டார் முத்திரையைப் பார்த்து வாங்கினால் போதுமா?

முத்திரை எதற்குக் கொடுத்தது என்று முதலில் படியுங்கள். வாஷர்-ட்ரையரில் ஒட்டியிருக்கும் ஸ்டார் துவைப்பதற்கானதாக இருக்கலாம். உலர்த்தும் செலவு அதில் வராது.

இங்கே விற்கும் மாடல்கள் சிலவற்றில், கரண்டு செலவை எழுத்தால் தரம் பிரித்துக் காட்டும் ஐரோப்பிய லேபிள் இருக்கும். கம்பெனி இணையதளத்திலும் கிடைக்கும். பழைய ஐரோப்பிய லேபிளில் வருடத்துக்கு 160 முறை ஓட்டினால் ஆகும் யூனிட் இருக்கும். 8 கிலோ கண்டென்சர், பி வகுப்பு என்றால் 560 என்ற அளவில் இருக்கும். 8 கிலோ ஹீட் பம்ப், ஏ இரண்டு பிளஸ் என்றால் 235 சுமார். ஏ மூன்று பிளஸ் என்றால் 176 சுமார். 160-ஆல் வகுத்தால் ஒரு முறைக்கு எவ்வளவு என்று தெரியும்: 3.5, 1.5, 1.1. நிறை லோடும் பாதி லோடும் கலந்த சராசரி இது.

2025 ஜூலை 1 முதல் ஐரோப்பாவில் புது லேபிள். அதில் 100 முறைக்கான யூனிட் எழுதியிருக்கும், பிளஸ் குறிகள் போய் ஏ முதல் ஜி வரை. பழைய எழுத்தையும் புது எழுத்தையும் ஒப்பிடாதீர்கள், அளவுகோல் வேறு. யூனிட்டை மட்டும் ஒப்பிடுங்கள். அதே தேதியில் வந்த விதிகளால் அங்கே புதிதாகச் சந்தைக்கு வரும் வீட்டு ட்ரையர்கள் நடைமுறையில் ஹீட் பம்ப் மட்டும்தான். சுவிட்சர்லாந்து அதை 2012-லேயே செய்துவிட்டது.

சோதனைச் சாலையில் இந்த அளவை எடுப்பது 60 சதவீத ஈரத்தில், அதாவது 1,000 சுற்றில் பிழிந்த துணியில். உங்கள் டாப் லோடு துணி அதைவிட ஈரமாக இருந்தால் லேபிளில் உள்ளதைவிட அதிகமாகத்தான் ஆகும். மெஷின் மேல் பழி இல்லை.

லேபிளே இல்லாவிட்டால் பின்பக்கத் தகட்டில் வாட் அளவைப் பாருங்கள். 2,000-க்கு மேல் என்றால் ஹீட்டர். 600 முதல் 1,000 என்றால் ஹீட் பம்ப். பெயரில் "எக்கோ" என்று இருப்பதற்கு எந்தப் பொருளும் இல்லை.

எத்தனை கிலோ வாங்க வேண்டும்?

வாஷிங் மெஷின் எத்தனை கிலோவோ அத்தனை, அல்லது ஒரு கிலோ கூட. துணி புரண்டு விழ டிரம்மில் இடம் வேண்டும். முக்கால் பங்கு நிறைவதே சரியான லோடு. நெருக்கிப் போட்டால் காற்று நடுவே போகாது, மிகக் குறைவாகப் போட்டால் டிரம்மையும் காற்றையும் சூடாக்கவே கரண்டு போகும். ஒரு பெரிய டர்க்கி டவல் அரைக் கிலோ, ஜீன்ஸ் 600 முதல் 800 கிராம், டபுள் பெட்ஷீட் ஒரு கிலோவுக்குப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் லோடைக் கண்ணாலேயே மதிப்பிடலாம்.

டவலையும் ஜீன்ஸையும் ஒரு லோடாகவும், சட்டை, நைட்டி, சுடிதாரை இன்னொரு லோடாகவும் போடுங்கள். கலந்து போட்டால் டவல் காயும்வரை சட்டை வறுபடும்.

ஈரம் அறியும் சென்சார் உண்மையிலேயே வேலை செய்கிறதா?

செய்கிறது. டைமர் மட்டும் உள்ள மாடலை வாங்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வோம். டைமரில் நாம் எப்போதும் அரை மணி கூட்டியே வைப்போம். அந்த அரை மணி ஹீட்டர் மெஷினில் முக்கால் யூனிட் வரை போகும்.

டிரம்முக்குள் இரண்டு உலோகப் பட்டைகள் தெரியும். ஈரத்துணி படும்போது அவற்றுக்கிடையே கொஞ்சம் மின்சாரம் கடக்கும். துணி காயக் காய அது குறையும். மெஷின் அதைப் பார்த்து நிறுத்துகிறது. துணியை மென்மையாக்கும் லிக்விட் போடும் வீடுகளில் பட்டைமேல் மெழுகுபோல் ஒரு படலம் பிடித்து, துணி காயுமுன்பே மெஷின் நின்றுவிடும். மாதம் ஒரு முறை வினிகர் தொட்ட துணியால் பட்டையைத் துடைத்தால் சரியாகும். போர்த் தண்ணீரில் துவைக்கும் இடங்களில் நேர்மாறாக நடக்கும்: உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் துணி காய்ந்தும் ஈரம் என்றே மெஷின் நினைத்து ஓடிக்கொண்டிருக்கும். உலர்வு அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி சில மாடல்களில் உண்டு. போர்த் தண்ணீர் வீடுகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

எந்த அளவு உலர்வு என்பதிலும் மிச்சம் இருக்கிறது. "எக்ஸ்ட்ரா டிரை" வேண்டவே வேண்டாம். 100 கிராம் பருத்தி, 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் 7 முதல் 8 கிராம் தண்ணீரைத் தானாகவே பிடித்து வைத்திருக்கும். சென்னையில் கார்த்திகை மாதக் காற்று அதைவிட ஈரம். நீங்கள் அப்பளம்போலக் காயவைத்து எடுத்தாலும் மடித்து வைப்பதற்குள் அந்த ஈரத்தைத் துணி திரும்ப வாங்கிக்கொள்ளும். அந்தக் கடைசி இருபது நிமிடச் செலவு வீண். இஸ்திரி போடப்போகும் சட்டைகளுக்கு "அயர்ன் டிரை" போதும். கொஞ்சம் ஈரம் மிச்சமிருப்பதால் தண்ணீர் தெளிக்கும் வேலையும் இல்லை.

பால்கனியில் வைக்கலாமா?

மழைச் சாரலும் வெயிலும் படாத பால்கனி என்றால் வைக்கலாம். பெரும்பாலான கையேடுகள் 5 முதல் 35 டிகிரி வரையுள்ள இடத்தில் வைக்கச் சொல்கின்றன. மேற்கு பார்த்த பால்கனியில் சித்திரை மாதம் 40 டிகிரி தொடும்போது ஹீட் பம்பின் கம்ப்ரஸர் திணறும், அடிக்கடி நிற்கும். அந்த மாதத்தில் கொடியே ஒரு மணி நேரத்தில் காயவைத்துவிடும் என்பதால் உபயோகத்தில் பிரச்சினை இல்லை; வெயிலில் காயும் பிளாஸ்டிக்கும் எலக்ட்ரானிக் போர்டும்தான் பாவம்.

கதவு மூடிய அலமாரிக்குள் எந்த வகையையும் வைக்காதீர்கள். வாஷிங் மெஷின்மேல் அடுக்குவதாக இருந்தால் அந்தக் கம்பெனியின் அடுக்கும் கிட் போட்டே அடுக்க வேண்டும். ஹீட் பம்ப் ட்ரையர் 50 கிலோ அளவுக்கு இருக்கும். ஸ்பின் அதிர்வில் நகர்ந்து விழுந்தால் பெரிய ஆபத்து.

வென்டட் வாங்கினால் குழாயை எப்படிப் போடுவது?

4 இஞ்ச் குழாய். முடிந்தவரை நேராக, குட்டையாக. ஒவ்வொரு வளைவும் காற்றைத் தடுக்கும். காற்று குறைந்தால் நேரமும் யூனிட்டும் ஏறும். நெளியும் பிளாஸ்டிக் குழாயைவிட வழவழப்பான உலோகக் குழாய் நல்லது. மடிப்புகளில் துணித் தூசி தங்கும், அது தீப்பிடிக்கும் பொருள். வெளி முனையில் காற்று வரும்போது மட்டும் திறக்கும் மூடி போடுங்கள், இல்லாவிட்டால் பல்லியும் கரப்பானும் வீடு கட்டும். அங்கே கொசுவலை அடிக்காதீர்கள். ஒரே வாரத்தில் தூசி படிந்து அடைத்துவிடும்.

குழாயே போடாமல் அறைக்குள் விடலாமா என்று கேட்பவர்கள் நிறைய. ஒரு லோடுக்கு 3 லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் இறங்கும். சுவரில் கரும்பூசணம் வர ஒரு மழைக்காலம் போதும்.

என்ன பிளக் பாயிண்ட் வேண்டும்? இன்வெர்ட்டரில் ஓடுமா? சோலாரில்?

16 ஆம்ப் பவர் பாயிண்ட், நல்ல எர்த், தனி எம்சிபி (லோடு கூடினால் தானே அணையும் சுவிட்ச்). 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு வயர். மீட்டர் போர்டிலிருந்து தூரமென்றால் 4. வீட்டில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) இல்லையென்றால் ட்ரையர் வரும் முன் அதைப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. வெந்நீரில் துவைக்கும் வாஷிங் மெஷினும் ஹீட்டர் ட்ரையரும் ஒரே பாயிண்டில் சேர்ந்து ஓடினால் 4,000 வாட்டைத் தாண்டும்; பிளக் உருகும்.

வீட்டு இன்வெர்ட்டரில் எந்த ட்ரையரும் ஓட்டாதீர்கள். ஓடும்போது கரண்டு போனால் கதவைத் திறந்து துணியை விரித்துவிடுங்கள்; சூடாகக் குவிந்து கிடக்கக் கூடாது. கரண்டு வந்ததும் ஹீட் பம்ப் சில நிமிடம் கழித்தே கிளம்பும், அது பழுதில்லை. மாடியில் 2 அல்லது 3 கிலோவாட் சோலார் இருந்தால் ஹீட் பம்ப் அதற்கு மிகப் பொருத்தம்: 800 வாட் அளவு எடுப்பதை மேகமூட்டம் குறைந்த பகல் வேளையில் பேனலே பெரும்பாலும் கொடுத்துவிடும்.

எந்தத் துணியைப் போடக் கூடாது?

பட்டு, ஜரிகை, கம்பளி, ரப்பர் அடி ஒட்டிய கால்மிதி, கஞ்சி போட்ட வேட்டி. சேலையும் நீள வேட்டியும் கயிறாக முறுக்கிக்கொள்ளும். நாலாக மடித்துத் தனியாகப் போட்டால் ஓரளவு தப்பிக்கும், ஆனால் கைத்தறிக்குக் கொடிதான் மரியாதை.

எண்ணெய்க் குளியல் துண்டு, சமையலறைப் பிடிதுணி ஆகியவற்றில் மிக எச்சரிக்கையாக இருங்கள். துவைத்தும் போகாத எண்ணெய் சூட்டில் காற்றோடு சேர்ந்து தானாகவே மேலும் சூடேறும். குவித்து வைத்தால் ட்ரையர் நின்ற பிறகும் தீப்பிடிக்கலாம். வெந்நீரில் கூடுதல் சோப்புப் போட்டு இரண்டு முறை துவைத்தும் எண்ணெய் வாடை இருந்தால் கொடியில் போடுங்கள். கடைசிப் பத்து நிமிடம் குளிர்காற்று ஓடுவதும் இதற்காகத்தான். அதை நடுவில் நிறுத்தாதீர்கள்.

முன்பு இரண்டு மணி நேரத்தில் முடிந்தது, இப்போது நாலு மணி ஆகிறது. ஏன்?

பத்தில் எட்டு முறை தூசி. கதவடியில் இருக்கும் ஃபில்டரை ஒவ்வொரு லோடுக்குப் பிறகும் சுத்தம் செய்ய வேண்டும், விருப்பப்பட்டபோது மட்டும் செய்தால் போதாது. இரட்டை ஃபில்டர் என்றால் இரண்டையும் விரித்து வழியுங்கள். மாதம் ஒரு முறை குழாயடியில் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் தூசி களிம்பாக ஒட்டும்.

ஹீட் பம்பில் கீழே ஒரு சின்னக் கதவுக்குப் பின்னால் மெல்லிய தகடுகள் இருக்கும். அங்கே தூசி படிந்தால் காற்றோட்டம் குறைந்து கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடும். மென்மையான பிரஷ்ஷால் தகடுகளின் போக்கிலேயே, மேலும் கீழுமாக வழியுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கும், விரலும் வெட்டும். "தானே சுத்தம் செய்துகொள்ளும்" மாடலில் அந்தக் கதவு இருக்காது. உலர்த்திய தண்ணீரையே பீய்ச்சிக் கழுவும். வசதிதான், ஆனால் ஃபில்டரை அலட்சியம் செய்து உள்ளே அடைத்துவிட்டால் மெக்கானிக் பிரித்தால்தான் உண்டு. நாமே திறந்து பார்க்கக்கூடிய மாடல் எங்களுக்குப் பிடித்தது.

தொட்டி காலியாக இருந்தும் நிரம்பிவிட்டது என்று விளக்கு எரிந்தால், கீழே இருக்கும் சின்னப் பம்பிலோ மிதவையிலோ தூசி சிக்கியிருக்கும். ஹீட்டர் வகையில் துணி சுடச்சுட, ஆனால் ஈரமாக வந்தால் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் நேரம் கூடினால் சந்தேகம் வாஷிங் மெஷின் பக்கம் போக வேண்டும்: டிரெயின் அடைத்து ஸ்பின் முழு வேகம் எடுக்காமல் இருக்கலாம். துணியைச் சமையல் தராசில் வைத்துப் பாருங்கள். காய்ந்தபோது 500 கிராம் இருந்த டவல், துவைத்து எடுத்ததும் 900-க்கு மேல் இருந்தால் குற்றவாளி ட்ரையர் இல்லை.

தொட்டியில் சேரும் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா?

கூடாது. பார்க்க டிஸ்டில்ட் வாட்டர்போல இருந்தாலும் நூல் தூசியும் சோப்பு மிச்சமும் இருக்கும். வீடு துடைக்க, டாய்லெட்டில் ஊற்ற நல்லது.

ட்ரையர் இல்லாமலே மழைக்காலத்தைச் சமாளிக்க முடியாதா?

பல வீடுகளில் முடியும். 1,200 சுற்றில் பிழிந்த துணியை, ஒன்றுக்கொன்று நாலு விரல் இடைவெளி விட்டு, சீலிங் ஃபேனுக்கு நேர்கீழே ஸ்டாண்டில் போடுங்கள். பழைய 75 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட், குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் என்றால் கால் யூனிட். ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும், ஈரம் வெளியே போக வழி வேண்டும். நாள் முழுக்க மழை என்றால் கதவு, ஜன்னலை அடைத்து, காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும் டிஹியுமிடிஃபையர் வையுங்கள். யூனிட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் எடுக்கும். ஹீட் பம்புக்கும் ஹீட்டருக்கும் நடுவில் நிற்கும் செலவு. பீரோவில் பூசணம், சுவரில் ஓதம் இருக்கும் வீட்டில் அதற்கும் சேர்த்து வேலை செய்யும்.

வெளிநாட்டிலிருந்து வரும்போது ட்ரையரையும் கொண்டுவரலாமா?

அமெரிக்கா, கனடா மெஷின்கள் இங்கே ஓடாது. அங்கே வோல்டேஜ் அமைப்பும் வேறு, 60 ஹெர்ட்ஸ். சிங்கப்பூர், துபாய் மெஷின்கள் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஓடும். உதிரிபாகமும் வாரண்டியும் கிடைக்குமா என்று அந்த மாடல் எண்ணைச் சொல்லி இங்குள்ள சர்வீஸ் சென்டரில் கேட்ட பிறகு கப்பலில் ஏற்றுங்கள்.

டெலிவரி அன்று என்ன கவனிக்க வேண்டும்?

ஹீட் பம்ப் வகையை நிமிர்த்தியே கொண்டுவந்தார்களா என்று கேளுங்கள். படுக்கவைத்தோ சாய்த்தோ வந்திருந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் இடம் மாறியிருக்கும். கையேட்டில் சொன்ன நேரம், சில மாடலுக்கு ஒரு நாள் வரை, நிற்கவிட்டு அதன் பிறகே சுவிட்ச் போடுங்கள். பொருத்த வருபவர் அவசரப்பட்டு உடனே ஓட்டிக் காட்டச் சம்மதிக்காதீர்கள். நாலு காலும் தரையில் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் தண்ணீர் பம்புப் பக்கம் போகாமல் உள்ளேயே தேங்கும். முதல் லோடுக்கு வெறும் டவல்களை, எடை பார்த்துப் போடுங்கள். எடுத்தபின் மறுபடி எடை போட்டு, தொட்டியில் வந்த தண்ணீரையும் அளந்து, மீட்டரில் ஏறிய யூனிட்டோடு எழுதி வையுங்கள். ஒரு வருடம் கழித்து மெஷின் மந்தமாகிவிட்டதோ என்ற சந்தேகம் வரும்போது ஒப்பிட அந்தத் தாள் உதவும்.